கோபுரத்தின் அழகு யாருக்குச் சொந்தம்?



இத்தாலி தேசத்தில், தொஸ்கானா நாட்டிலே, ஒரு குன்றின்மேல் சான் ஜிமின்யானோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. மோதெனா நகரின் மேற்றிராணியாராயிருந்த அர்ச். ஜெமினியானுஸ் என்பவருடைய நாமத்தையே அவ்வூர் தாங்கியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் தென்படுவது வானத்தை நோக்கி விறைத்து நிற்கும் 14 கற்கோபுரங்கள். முற்காலத்தில் 72 இருந்தனவென்று சொல்லுவார்கள். 1990-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் யுனெஸ்கோ அந்த ஊரைச் சேர்த்துக்கொண்டது.

கோபுரமென்றதும் கோவில் கோபுரமென்று எண்ணிவிடாதீர்கள். அவை வீடுகள், சரியாகச் சொன்னால், வீட்டுக்காரரின் ஆங்காரம். ரோமாபுரிக்குப் போகும் யாத்திரிகர்களின் பாதை அவ்வூர் வழியாகப் போயிற்று. குங்குமப்பூ வியாபாரமும் செழித்தது. பணம் வந்தது, பணத்தின் பின்னாலேயே பகையும் வந்தது. ஆர்திங்கெல்லி குடும்பத்தார் பாப்பரசர் கட்சி. சால்வூச்சி குடும்பத்தார் சக்கரவர்த்தி கட்சி. (பாப்பரசர் பெயரைச் சொல்லிக்கொண்டு அண்டை வீட்டுக்காரன்மேல் கத்தியை ஓங்குவது பாப்பரசருக்குச் செய்யும் ஊழியமென்று யாரும் நினைக்கவேண்டாம்.) ஒருவன் எழுப்பினால் மற்றவன் அதைவிட உயர எழுப்பினான். சுவர்களோ மிகுந்த பருமன். உள்ளே மனிதர் புழங்கும் இடமோ வெகு குறுகல். சுகமாய் வாழ்வதற்கல்ல, எதிரியைக் குனிந்து பார்ப்பதற்கே அவை கட்டப்பட்டன.

போட்டி எல்லை மீறவே, 1255-ம் ஆண்டு ஊர்ச்சபையார் சட்டம் போட்டார்கள். சபையாரின் ரொஞ்ஞோசா கோபுரம் ஏறக்குறைய 51 மீட்டர் உயரம். அதற்கு மேலே எவனும் தன் கோபுரத்தை உயர்த்தலாகாது. ஆங்காரத்தை முழக்கோலால் அளந்து அடக்கப் பார்த்தார்கள்! சால்வூச்சி குடும்பத்துக்கு அருகருகே இரட்டைக் கோபுரங்கள் இருந்தன. அவை பின்னாளில் உச்சி குறைக்கப்பட்டன. பகை மட்டும் குறையவில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இன்று அந்தக் கோபுரங்களைப் பார்க்க உலகமெங்குமிருந்து ஜனங்கள் போகிறார்கள், பார்த்து மெய்மறக்கிறார்கள். குரோதத்தினால் எழுந்த ஒன்று அழகாயிருக்கலாமா? இருந்தால், அந்த அழகு குரோதத்துக்கு ஒரு சாக்காகுமா? “அவர்கள் பகைத்திராவிட்டால் நமக்கு இந்தக் காட்சி ஏது?” என்று கேட்கிறவர்கள் உண்டு. கெட்டிக்காரப் பேச்சுத்தான். ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதற்கு உதவியான ஒரு வேற்றுமையைக் காட்டுகிறார். தொழிலாளியைத் தொழிலாளி என்கிற முறையில் மெச்சுவது அவன் என்ன மனதோடு செய்தான் என்பதற்காக அல்ல, செய்த வேலை எப்படியிருக்கிறது என்பதற்காகவே. வேலையின் நன்மை வேறு, மனிதனின் நன்மை வேறு. இதை வைத்துக்கொண்டு அந்தக் கோபுரங்களை மறுபடி பாருங்கள். அவற்றில் அழகாயிருப்பது எது? கல்லோடு கல் பொருந்தியிருக்கும் நேர்த்தி. தூக்குக்குண்டு பிசகாத சுவர். எழுநூறு வருஷத்துக்கு மேலாகியும் சாயாத உறுதி. இவையெல்லாம் கொத்தன் கொடுத்தவை. பணம் கொடுத்தவன் கொடுத்தது உயரத்தின்மேல் ஆசை ஒன்றுதான். ஆகையால் நாம் வியக்கும்போது கொத்தனைத்தான் வியக்கிறோம். அவனுக்குக் கையும் கண்ணும் கொடுத்த சர்வேசுரனைத்தான் புகழுகிறோம். சால்வூச்சிக்கு அதில் பங்கில்லை.

தம்பியின் வயிறெரியவேண்டுமென்றே மாடி கட்டுகிற அண்ணனுடைய வீட்டையும் நூறு வருஷம் கழித்து நாலுபேர் நல்ல வீடென்று சொல்லலாம். அதனால் அவனுடைய பாவசங்கீர்த்தனத்தில் ஒரு வார்த்தை குறையுமோ?

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாரன்ஸ் முதலிய நகரங்களிலும் இத்தகைய கோபுரங்கள் ஏராளமாய் இருந்தன; பெரும்பாலும் இடிக்கப்பட்டன, குறைக்கப்பட்டன. சான் ஜிமின்யானோவில் ஏன் நின்றன? 1348-ம் ஆண்டு கொள்ளைநோய் வந்து ஊராரில் பெரும் பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. 1353-ல் ஊர் தன் சுயாதீனத்தை விட்டு பிளாரன்ஸுக்கு அடங்கியது. இடித்துப் புதிது கட்டப் பணமில்லை. கோபுரங்கள் நின்றபடி நின்றன. தீமையிலிருந்தும் சர்வேசுரன் நன்மையை வருவிக்க வல்லவரென்று அர்ச். அகுஸ்தீன் போதிக்கிறார். மெய்தான். ஆனாலும் கொள்ளைநோய் நல்லதென்று, அன்று பிள்ளையைப் புதைத்த தாயின் முன்னால் நின்று சொல்ல எவனுக்கு நாவெழும்? நன்மையை வருவிப்பது அவருடைய வேலை. அதைக் கணக்கில் வைத்துத் தீமையைச் செய்ய நமக்கு உத்தரவில்லை, அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் இதைக் கண்டித்தே பேசுகிறார்.

அந்த ஊரிலே, கோபுரச் சண்டை நடந்த அதே காலத்தில், பீனா என்றொரு சிறுபெண் இருந்தாள். குலம் பெரியது, குடும்பமோ நொடித்துப்போனது. பத்து வயதில் நோய் கண்டது. மெத்தை வேண்டாமென்று கருவாலி மரப்பலகையின்மேல் ஐந்து வருஷம் அசையாமல் கிடந்தாள். 1253-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, பதினைந்து வயதில் மரித்தாள். பலகையிலிருந்து அவளை எடுத்தபோது அதில் பூக்கள் மலர்ந்திருந்தன, ஊர் மணிகள் தாமாகவே ஒலித்தன என்பது பாரம்பரியம். அவளுடைய கல்லறையில் ஜனங்கள் வைத்த காணிக்கையைக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரி எழும்பிற்று. ஏழைகளும் கிழவர்களும் யாத்திரிகர்களும் அங்கே படுக்கை பெற்றார்கள். அதன் மருந்துச் சாலையிலிருந்த ஜாடிகளை இன்றும் அவ்வூர்க் காட்சிசாலையில் காணலாம்.

1148-ல் அபிஷேகம் செய்யப்பட்ட பெரிய கோவிலில் அவளுக்கென்று ஒரு சிற்றாலயம் உண்டு. 1475-ம் ஆண்டளவில் கிர்லாந்தாயோ என்னும் சித்திரக்காரர் அங்கே அவளுடைய அடக்கச் சடங்கைச் சுவரில் எழுதினார். கூட்டத்தின் நடுவே சிறுமி கிடக்கிறாள். பின்னாலே, சிறியதாக, ஊரின் கோபுரங்கள் தெரிகின்றன.

மார்ச் மாதம் பிறந்தால் அந்தக் கோபுரங்களிலும் மதில்களிலும் கல்லிடுக்குகளில் ஒருவித மஞ்சள் பூ பூக்கிறது. யாரும் விதைப்பதில்லை. அதை ஊரார் பீனாவின் பூ என்று அழைக்கிறார்கள்.