ஊருணியும் முகமும்: ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கான கொடை குறித்த ஓர் அறவியல் நோக்கு

கொடை பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் கொடுப்பவரைப் பற்றிய ஆராய்ச்சியாகவே நின்றுவிடுகிறது. கொடுத்தவர் கைம்மாறு கருதினாரா, புகழ் வேண்டினாரா, மறுமைப் பயன் நோக்கினாரா என்பனவே நம் அறநூல் உரைகளிலும் மேலை மெய்யியலிலும் மிகுதியாக எழுப்பப்பட்ட வினாக்கள். பெறுபவரை அவர் யாராகக் கண்டார் என்னும் வினா அத்துணை அளவு எழுப்பப்படவில்லை. ஆப்பிரிக்காவின் நலிந்த குழந்தைகளின் பொருட்டு உலகெங்கும் திரட்டப்படும் அறக்கொடையை முன்வைத்து அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் சட்டகமும்

பெற்றோரை இழந்த குழந்தைகள் பற்றிய கணக்குகளில் யுனிசெஃப் கையாளும் வரையறை, தாய் தந்தையருள் ஒருவரையேனும் இழந்த பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் என்பதாகும். அவ்வரையறையின்படி 2015ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 14 கோடிக் குழந்தைகள் இருந்தனர். அவர்களுள் ஆப்பிரிக்காவில் இருந்தோர் 5.2 கோடி. இக்கணக்கு தமிழில் பெயர்க்கப்படும்போது 'அநாதைகள்' என்னும் சொல்லே பெரும்பாலும் இடப்படுகிறது. அநாதை என்பது காப்பவர் எவருமற்ற நிலையைக் குறிக்கும் வடசொல். ஆனால் மேற்சொன்ன 14 கோடியில் தாய், தந்தை இருவரையும் இழந்தோர் ஏறக்குறைய 1.5 கோடியினரே. எஞ்சியோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் உள்ளார். இருவரையும் இழந்தவர்களுள்ளும் பலர் பாட்டி, மாமன், தமக்கை எனச் சுற்றத்தாரிடம் வளர்கின்றனர்.

கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் இத்தகைய குழந்தையைச் சுட்டும் சொல் யதிமா. 'யதீம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் எத்தீம் என்பதும் அதே மூலத்தது. இசுலாமியச் சட்ட வழக்கில் தந்தையை இழந்த, பருவம் எய்தாத பிள்ளையே யதீம். தாய் அருகில் இருக்கலாம். உறவினர்மீது கடமைகளும் உண்டு. ஆகவே அச்சொல் ஒரு குழந்தையைச் சுட்டும்போதே அதன் சுற்றத்தையும் அதன் கடமையையும் உடன் சுட்டுகிறது. அநாதை என்று பெயர்க்கும்போது அத்தாய் மறைந்துவிடுகிறாள். மொழிபெயர்ப்பில் நேரும் இவ்விழப்பு கொடையிலும் நேர்கிறது.

1993ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், இன்று தென்சூடான் எனப்படும் பகுதியில் உள்ள அயோட் என்னும் ஊரில் கெவின் கார்ட்டர் எடுத்த ஒளிப்படத்தைப் பலரும் அறிவர். நிலத்தில் குனிந்து கிடக்கும் பசித்த குழந்தை, பின்னால் காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகு. 1994இல் அப்படத்திற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு சூலையிலேயே கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். அக்குழந்தையை அவர் ஏன் தூக்கவில்லை என்ற கேள்வி அவரை விடாது தொடர்ந்தது. ஆனால் அந்தப் பயணத்தில் உடனிருந்த மற்றோர் ஒளிப்படக் கலைஞர் ஜுவாவ் சில்வா பின்னர் கூறிய செய்தி வேறு. உணவேற்றி வந்த ஐக்கிய நாடுகள் அவையின் விமானம் அப்போதுதான் தரையிறங்கியிருந்தது. உணவு பெறச் சென்ற தாய்மார் தம் குழந்தைகளைச் சிறிது நேரம் கீழே விட்டிருந்தனர். பெண்குழந்தை என்று நெடுநாள் கருதப்பட்ட அக்குழந்தை ஆண் என்பதும், அன்றைய பஞ்சத்தில் பிழைத்துப் பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்தது என்பதும் 2011இல் ஒரு ஸ்பானிய நாளிதழ் அக்குடும்பத்தாரைத் தேடிக் கண்டபோது தெரியவந்தன. படம் பொய்யன்று, பஞ்சமும் பொய்யன்று. தாய் சட்டகத்துக்கு வெளியே இருந்தாள், அவ்வளவே. ஆயினும் உலகம் கண்டது தாயற்ற ஒரு குழந்தையை.

மெய்யியலிலும் இத்தகைய சட்டகம் ஒன்று உண்டு. வங்கதேசப் போரின் அகதிகளை மனத்திற்கொண்டு பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஆழமற்ற குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. வழிப்போக்கர் தம் உடை சேறாகும் என்று அஞ்சாமல் இறங்கிக் காப்பாற்ற வேண்டும். தொலைவில் பசியால் இறப்போர்க்கும் அவ்வாறே நாம் கடமைப்பட்டுள்ளோம் என்பது வாதம். தொலைவு கடமையைக் குறைக்காது என்னும் அதன் முடிவை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் அக்குளக்கரையில் வழிப்போக்கரையன்றி வேறு எவரும் இல்லை. குழந்தைக்கு ஊர் இல்லை. பெயர் சொல்லிக் கூவுவார் இல்லை. வாதத்தின் எளிமைக்காகச் செய்யப்பட்ட இவ்வெறுமையை உண்மை என்று கொண்டு செயற்படுவோர் உண்டு என்பதே சிக்கல்.

2007ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று, சாட் நாட்டின் கிழக்கே அபேஷே நகரில் 103 குழந்தைகளை விமானத்தில் ஏற்ற முயன்றபோது, 'ஸோயேயின் பேழை' எனப் பொருள்படும் பெயருடைய பிரெஞ்சு அறக்கட்டளை ஒன்றைச் சார்ந்தோர் தடுக்கப்பட்டுக் கைதாயினர். அவர்கள் சூடானின் தார்ஃபூர்ப் போரில் பெற்றோரை இழந்த குழந்தைகள் என்றும், பிரான்சில் குடும்பங்கள் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன என்றும் கூறப்பட்டது. காத்திருந்தது உண்மை. வாத்ரி விமான நிலையத்தில் அன்று பல பிரெஞ்சுக் குடும்பத்தினர் குழந்தைகளை எதிர்பார்த்து நின்றனர். பின்னர் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் செஞ்சிலுவைக் குழுவும் அக்குழந்தைகளிடமே பேசியபோது, 103 பேரில் 91 பேர் தாம் பெற்றோராகக் கருதும் ஒருவருடனேனும் வாழ்ந்து வந்தவர்கள் என்பது புலனாயிற்று. பெரும்பாலோர் சாட் நாட்டின் எல்லையோர ஊர்களைச் சார்ந்தவர்கள். பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லியே பிள்ளைகளை வாங்கிச் சென்றனர் எனப் பெற்றோர் கூறினர். அவ்வாண்டு டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் அறுவருக்கு எட்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 2008 மார்ச்சில் சாட் அதிபர் அவர்களை மன்னித்தார். குழந்தைகளோ மாதக் கணக்கில் அபேஷேயிலேயே ஒரு விடுதியில் காத்திருக்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியை வஞ்சகம் என்று கூறி அப்பால் செல்வது எளிது. வஞ்சகம் இருந்தது. ஆனால் வாத்ரியில் நின்றவர்கள் வஞ்சகர் அல்லர். பொருள் கொடுத்து, வீட்டில் இடம் ஒதுக்கி, இரவு விழித்து நின்றவர்கள். அவர்களுடைய கொடை தவறாகப் போனது இரக்கக் குறைவினால் அன்று. குழந்தை என்றால் எவருமற்ற குழந்தை என்று காணும் பழக்கமே அதற்குக் காரணம். அக்காட்சி இருக்கும்வரை அதற்கு ஏற்ற குழந்தைகளைத் தேடித் தருவோரும் இருப்பர். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அயல்நாட்டுக் கொடையால் பெருகிய குழந்தைகள் இல்லங்களிலும் இதுவே நிகழ்ந்தது. பிள்ளைக்குச் சோறும் பள்ளியும் இல்லத்தில்தான் கிடைக்கும் என்றால் வறிய தாய் பிள்ளையை அங்கே விடுகிறாள். விட்டபின் அப்பிள்ளை 'ஆதரவற்றது' என்னும் கணக்கில் சேர்கிறது. கொடை தான் தீர்க்க வந்த குறையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 1994ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பின் அத்தகைய இல்லங்கள் பெருகிய ருவாண்டா, 2012இல் அவற்றை மூடிக் குழந்தைகளைக் குடும்பங்களிடம் சேர்ப்பதை அரசுக் கொள்கையாக்கியது. அப்போது 30க்கும் மேற்பட்ட இல்லங்களில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர்.

ஆப்பிரிக்க நாடுகள் 1990இல் ஆடிஸ் அபாபாவில் ஏற்று, 1999இல் நடைமுறைக்கு வந்த குழந்தை உரிமைகள், நலன் பற்றிய சாசனம் ஈண்டு நோக்கத்தக்கது. உரிமைகளோடு கடமைகளையும் அது குழந்தைக்கு விதிக்கிறது: குடும்பத்தின் ஒற்றுமைக்கு உழைத்தல், பெற்றோர்க்கும் மூத்தோர்க்கும் தேவையுற்றபோது உதவுதல் என்பன அவற்றுள் சில. இதைப் பழைமை எனக் குறை கூறுவோர் உளர். எனக்கு அதில் தோன்றுவது வேறு. கடமை உள்ளவர் பெறுபவர் மட்டும் அல்லர். அவர் இன்மையால் வருந்தும் வீடு ஒன்று உண்டு.

கொடைமடமும் ஊருணியும்

புறநானூற்றில் பேகனைப் பாடும் பரணர் ஆளும் 'கொடைமடம்' என்னும் சொல் நம் ஆய்வுலகில் பெரும்பாலும் புகழ்ச்சியாகவே விளக்கப்பட்டுள்ளது. மயிலுக்குப் போர்வை அளித்ததும், பாரி முல்லைக்குத் தேர் அளித்ததும் அதற்குக் காட்டாகும். மயில் கேட்கவில்லை, போர்வையை உடுத்தவும் அறியாது. கொடுப்பவன் கண்ட குளிரே அங்குக் கொடைக்குக் காரணம். ஆனால் அதே பேகனைப் பற்றிய அடுத்த பாடல்களைச் சேர்த்துப் படிப்பவர்க்கு அப்புகழ்ச்சி அத்துணை எளிதாக அமையாது. பேகன் பிரிந்திருந்த அவன் மனைவி கண்ணகியின் பொருட்டுக் கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் பாடியுள்ளனர். பரணர் தம் பாட்டொன்றில் மயிலுக்கு இரங்கியதை நினைவூட்டிவிட்டே, தாம் வந்தது பரிசிலுக்கு அன்று என்றும், அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்றும் கூறுகிறார். மயிலின் நடுக்கத்தைக் கண்ட கண் தன்னோடு உறவால் பிணைந்தவளின் கண்ணீரைக் காணவில்லை என்பதே அங்குள்ள குறிப்பு.

இதனை, அயலார்க்குக் கொடுப்பதை விடுத்து நம்மவர்க்கே கொடுக்க வேண்டும் என்பதற்குச் சான்றாக்குதல் பொருந்தாது. மயிலுக்குக் கொடுத்தது புலவர்க்குக் குற்றமாகப் படவில்லை. கொடை உறவைக் காணாமற் போனதே அவர்களை வருத்தியது.

திருக்குறளில் ஈகை அதிகாரத்துக்கு முன் ஒப்புரவறிதல் வைக்கப்பட்டுள்ளமையை உரையாசிரியர்கள் பல்வேறாக விளக்குவர். ஈகையில் இரப்பவரும் ஈவாரும் நேர்நிற்கின்றனர். இரந்தவரின் முகம் மலர்வதைக் காணும்வரை இரக்கப்படுதலும் துன்பமே என்று வள்ளுவர் கருதுகிறார். ஒப்புரவில் அவர் காட்டும் உவமைகளோ மழை, நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம் ஆகியவை. இவற்றுள் எதற்கும் பெறுபவர் முகம் தெரியாது. ஊருணியில் நீர் மொள்பவள் தன் வறுமையைக் காட்ட வேண்டியதில்லை; நன்றி சொல்லவும் வேண்டியதில்லை; குடத்தை இடுப்பில் ஏந்தித் தன் வீட்டுக்கே திரும்புகிறாள். சிங்கரின் குளத்துக்கும் இவ்வூருணிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அங்கே கொடுப்பவர் இறங்குகிறார். இங்கே பெறுபவர் வந்து போகிறார்.

தென்னாப்பிரிக்கா 1998 ஏப்ரலில் தொடங்கிய குழந்தை ஆதரவு நல்கையை இவ்வகைக்குக் காட்டாகக் கொள்ளலாம். ஏழு வயதுக்கு உட்பட்ட வறிய குழந்தைக்கு மாதம் 100 ராண்ட் என்று தொடங்கிய அது, படிப்படியாகப் பதினெட்டு வயதுவரை விரிந்து, ஒரு கோடியே முப்பது இலட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகளைச் சென்றடைந்தது. பணம் செல்வது குழந்தையை வளர்ப்பவரிடம். பெரும்பாலும் தாய் அல்லது பாட்டியிடம். தாய் இல்லை என்று காட்டினால்தான் கிடைக்கும் என்பதில்லை. ஆதலால் பிள்ளையைப் பிரிவதால் எவர்க்கும் ஊதியம் இல்லை. கென்யா 2004இல் சோதனையாகத் தொடங்கிய பணவுதவித் திட்டமும் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்திடமே பணத்தைச் சேர்த்தது. கொசுவலை வழங்கும் அறக்கொடைகளையும் இவ்வகையிற் சேர்க்கலாம். வலைக்கு முகம் இல்லை. பிள்ளை தன் வீட்டில், தன் தாயருகில் உறங்குகிறது.

எனினும் என் வாதத்துக்கு மாறான ஒன்றை மறைத்தல் முறையன்று. ஒரு குழந்தையைத் தேர்ந்து, அதன் ஒளிப்படமும் கடிதமும் பெற்று, மாதந்தோறும் பொருள் அனுப்பும் முறை மேலை நாடுகளில் பரவியுள்ளது. முகத்தை நம்பிய கொடைக்கு இதனினும் தெளிவான சான்று இல்லை. ஆனால் உகாண்டா, கென்யா, இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் அத்தகைய அமைப்பு ஒன்றின் உதவி பெற்றோரை ஆராய்ந்து 2013இல் வெளியான பொருளியல் ஆய்வு, அவர்கள் ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் பள்ளிக் கல்வி பெற்றனர் என்று கண்டது. ஓராண்டுக் கல்வி சிறிதன்று. மேலும், இம்முறையைக் கைக்கொள்ளும் பெரிய அமைப்புகள் சிலவற்றில் பொருள் தனிக் குழந்தைக்கு அன்றி ஊரின் பள்ளிக்கும் கிணற்றுக்கும் செலவாகிறது. முகத்தைக் காட்டி ஊருணியை நிரப்புகின்றனர் எனலாம். நிரம்பினால் போதாதா?

போதும் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. தன் வறுமை நன்கு விளங்கும்படி படத்துக்கு நிற்க வேண்டிய குழந்தை, அறியாத ஒருவருக்கு ஆண்டுதோறும் நன்றிக் கடிதம் எழுத வேண்டிய குழந்தை, ஒருவகையில் இரக்கப் பயிற்றப்படுகிறது. மனமுவந்து ஈவாரிடத்தும் இரவாமை நன்று என்று இரவச்சத்தில் கூறியவர் இதனை எளிதில் ஏற்றிரார். ஆயினும் படம் எடுக்கப்படாத ஊரில் பள்ளி எழும்பவில்லை என்றால், அந்த மானத்தின் விலையை நான் அன்று, அக்குழந்தையே செலுத்துகிறது. இம்முரணை முற்றத் தீர்க்கும் வழி எனக்குப் புலப்படவில்லை. படத்தில் தாயும் நிற்கட்டும் என்பது மட்டுமே நான் துணிந்து சொல்லக்கூடியது.

ஊருணிக்கும் ஒரு குறை உண்டு. அது யாருடையது என்னும் கேள்வி எழுமானால் அது ஊருணி அன்று. 2003இல் தொடங்கிய அமெரிக்காவின் எய்ட்சு நிவாரணத் திட்டத்தால் எச்.ஐ.வி. தொற்றுடைய எண்ணற்ற ஆப்பிரிக்கத் தாய்மார் மருந்து பெற்றனர். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் மருந்து உண்டால் தொற்று குழந்தைக்குச் செல்வது பெரும்பாலும் தடுக்கப்படும். முகம் கேட்காத, பெரும்பயன் விளைத்த கொடை அது. 2025 சனவரியில் புதிய அதிபரின் ஆணையால் அயல்நாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டபோது, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளில் அந்நிதியால் இயங்கிய மருத்துவ நிலையங்கள் சில உடனே கதவடைத்தன. பின்னர் விதிவிலக்குகள் அறிவிக்கப்பட்டன. எனினும் அவ்வாண்டு சூலை முதல் நாளோடு அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமையே தனி அமைப்பாக இயங்குவது நின்றது. தாய் உண்ணும் மருந்து நாள்தோறும் உண்ண வேண்டியது. கொடுப்பவர் விரும்பும்வரை என்பது அதற்குப் பொருந்தாத கால அளவு. தென்னாப்பிரிக்க நல்கை அந்நாட்டின் வரிப்பணத்தால் நடப்பது. குழந்தையின் உரிமைகளை 1996ஆம் ஆண்டு அரசமைப்பின் 28ஆம் பிரிவு கூறுவதால், மறுக்கப்பட்டால் வழக்காடலாம். மலாவியும் சாடும் அவ்வாறு செய்ய வல்ல செல்வம் உடையன அல்ல. அங்கே வெளியாரின் பொருள் இன்னும் தேவை. அப்பொருளைக் கொடை என்று அழைக்கும்வரை நிறுத்தும் உரிமையும் கொடுத்தவரிடமே இருக்கும். கடன் என்று அழைக்க எந்த அரசும் முன்வரவில்லை.

இரத்தற் சொற்களை ஈ, தா, கொடு என மூன்றாக்கி, இழிந்தோன் ஒப்போன் உயர்ந்தோன் என்னும் நிலைக்கேற்ப வகுத்தார் தொல்காப்பியர். ஒரு பொருளைக் கேட்கும்போதே கேட்பவர் நிற்கும் இடமும் சொல்லில் விளங்கிவிடும் என்பது அதன் கருத்து. ஆப்பிரிக்கக் குழந்தையைப் பற்றிய நம் பேச்சு முழுதும் அக்குழந்தை 'ஈ' என்றே கேட்கும் என்னும் முடிவோடு நிகழ்வது. 2021 மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் இந்தியா தவித்தபோது, கென்யா தன் மண்ணில் விளைந்த தேயிலை, காப்பி, நிலக்கடலை ஆகியவற்றை 12 டன் அளவில் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பியது. முன்னணியில் நின்று உழைப்போர்க்கு என்று அவர்கள் கூறினர். நம் நாட்டில் சமூக ஊடகங்களில் சிலர் அதை எள்ளினர். ஏழை நாட்டிடம் கையேந்தும் நிலை வந்ததே என்று வருந்தினோரும் உண்டு. 'தா' என்பதற்கு உரிய இடத்தில் கென்யாவும் நாமும் நிற்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தேயிலையோ எவரும் கேளாமலே வந்திருந்தது.