மறுகூறலின் அறம்: டைகர் லில்லியை முன்வைத்து

முன்னுரை

ஒரு கதையை மீண்டும் சொல்பவர் யாருக்குக் கடன்பட்டவர்? மூல ஆசிரியருக்கா, மூலத்தில் பேச இடமளிக்கப்படாத பாத்திரத்திற்கா, வாசகருக்கா? சிறார் கற்பனைக் கதையொன்றின் இளையோர் மறுகூறலைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலமும் மறுகூறலும்

ஜே. எம். பேரியின் பீட்டர் பான் கதை 1904இல் இலண்டனில் நாடகமாக அரங்கேறி, 1911இல் புதினமாக வெளிவந்தது. அதில் டைகர் லில்லி பழங்குடித் தலைவனின் மகள். கடற்கொள்ளையரிடமிருந்து பீட்டர் அவளை மீட்கிறான், அவள் நன்றியுடையவளாகிறாள். அதற்கப்பால் அவளுக்கென அகவாழ்வு ஏதும் காட்டப்படவில்லை. அவளுடைய குலத்திற்குப் பேரி இட்ட பெயரோ, கறுப்பினக் குழந்தைகளை இழித்துரைக்க வழங்கிய சொல்லாகும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜோடி லின் ஆண்டர்சனின் 'டைகர் லில்லி' (2012) என்னும் புதினம் வெண்டியின் வருகைக்கு முன்பே தொடங்குகிறது. இங்கு அவள் பீட்டரைக் காதலித்து இழக்கும் பெண்.

இரு மறுப்புகள்

குழந்தைமையின் களங்கமின்மையை இத்தகைய மறுகூறல் குலைக்கிறது என்பர். மூலமும் களங்கமற்றதன்று. வளரத் தலைப்படும் சிறுவர்களைப் பீட்டர் குறைத்துவிடுவதாகப் பேரியே குறிப்பிடுகிறார். இறுதியில் டிங்கர் பெல்லையும் அவன் மறந்துவிடுகிறான். எனவே மறுகூறல் இருளைப் புகுத்தவில்லை. இருந்த இருளை நோக்கச் செய்கிறது.

கற்பனைப் பாத்திரத்திற்கு அநீதி இழைக்கவியலாது என்பது இரண்டாவது மறுப்பு. இது ஓரளவு பொருந்தும். டைகர் லில்லி துன்புறுவதில்லை. ஆயின், அவளது சாயலில் தம்மைக் காணும்படி வைக்கப்பட்ட மக்கள் மெய்யானவர்கள். அவர்களைப் பற்றிய எண்ணத்தை அக்கதையால் பெற்ற சிறாரும் மெய்யானவர்கள். கடன் இவர்களுக்கே உரியது.

சாட்சியின் குரல்

ஆண்டர்சன் டைகர் லில்லியைத் தன் கதையைத் தானே கூறவைக்கவில்லை. டிங்கர் பெல்லைக் கூறவைக்கிறார். இந்தத் தேவதை பேசவியலாதவள்; பீட்டரைத் தானும் நேசிப்பவள். தனக்குக் கிட்டாத அன்பைப் பெற்ற ஒருத்தியைக் காழ்ப்பின்றிக் கூர்ந்து நோக்குவதே அவளது அறமாகிறது. பிறர் உள்ளத்தை முற்றும் உரிமை கொண்டாடாத தன்னடக்கத்தை இவ்வுத்தியில் காணலாம். எனினும் டைகர் லில்லி இங்கும் பிறரால் சொல்லப்படுபவளாகவே எஞ்சுகிறாள். அவளது வாழ்வின் பெரும்பகுதி மீண்டும் பீட்டரைக் கொண்டே அளக்கப்படுகிறது.

முடிவுரை

மறுகூறல் மூலத்தின் பிழையை அழிப்பதில்லை, அழிக்கவும் வேண்டுவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் இளையோர், தாம் விரும்பிய கதையில் யார் மௌனமாக இருந்தார் என்று வினவக் கற்கின்றனர். அவ்வினாவை மறுகூறலின் மீதும் அவர்கள் எழுப்புவார்களாயின், அதுவே அதன் பயன் எனலாம்.