புகையில்லாத நெருப்பு

மும்பை மாதுங்காவில் வசித்துவந்த பெரியவர் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். வங்கியொன்றில் அதிகாரியாகப் பணியாற்றியவர். ஒரு நாவல் எழுதிவிட வேண்டும் என்பது இளமையிலிருந்தே அவரது கனவு. பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அது. கதையின் நிகழ்ச்சிகளை அவர் வாயால் சொல்லக் கேட்டால் பொழுது போவதே தெரியாது. "எப்போது எழுதப் போகிறீர்கள், சார்?" என்று கேட்டால் மட்டும், "அலுவலகம் விட்டால்தானே! ஓய்வு பெற்றதும் முழுநேரமும் அதே வேலைதான்" என்பார்.

2001-ஆம் ஆண்டில், அரசுடைமை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்த சமயத்தில், பணிக்காலம் மீதமிருக்கும்போதே அவர் வேலையிலிருந்து விலகினார். ஜன்னலோரத்தில் ஒரு மேசை போடப்பட்டது. அகராதிகளும் பழைய மும்பையைப் பற்றிய நூல்களும் வந்து சேர்ந்தன. நான்காண்டுகள் கழித்து நான் சென்றபோது, அந்த மேசைமீது ஏழு நோட்டுப் புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஏழிலும் இருந்தது முதல் அத்தியாயமே.

"ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக வந்திருக்கிறது" என்றார் அவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டாம் அத்தியாயந்தான் எதிலும் இல்லை" என்றார்.

இந்த நிலை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. எழுத்து, இசை, ஓவியம், ஆராய்ச்சி என்று ஏதேனும் ஒரு படைப்புப் பணியில் வாழ்க்கையை ஈடுபடுத்த விரும்பும் பலர் இதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். திறமையும் இருக்கிறது, சில சமயம் நேரமும் இருக்கிறது. ஆனால் செயல் மட்டும் நிறைவேறுவதில்லை. ஏன்?

நீளும் நூல்

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், 28-ஆம் சுலோகத்தில், தாமச இயல்புடைய கர்த்தாவின் அடையாளங்களைக் கூறுகிறது. அவற்றுள் இறுதியாக வருவது 'தீர்க்கசூத்ரி' என்ற சொல். 'நீண்ட நூலை உடையவன்' என்பது அதன் நேர்ப்பொருள். இன்று முடிக்கக்கூடிய செயலை நூல்போல் நாளைக்கும் மறுநாளைக்கும் இழுத்துக்கொண்டே போகிறவன் அவன். திருவள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில் இந்தக் குணத்தை 'நெடுநீர்' என்கிறார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும், கெட்டழியும் இயல்புடையோர் விரும்பி ஏறும் மரக்கலமாக அவர் காட்டுகிறார். நீளுதல் என்ற ஒரே கருத்து வடமொழியிலும் தமிழிலும் இக்குணத்திற்குப் பெயராக அமைந்திருப்பது கவனிக்கத் தக்கது.

வள்ளுவர் காலம் நீட்டித்தலையும் சோம்பலையும் தனித்தனியாக எண்ணுகிறார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. நம் பெரியவர் சோம்பேறி அல்லர். ஏழு முறை ஒரே அத்தியாயத்தை எழுதியவரை யார் சோம்பேறி என்பார்கள்? அவர் நாள்தோறும் உழைத்தார். ஆயினும் பணி நகரவில்லை. ஆகவே, சோம்பலுக்குச் சொல்லும் மருந்து இந்த நோய்க்குப் பயன்படாது.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் பீஷ்மர் யுதிஷ்டிரருக்கு மூன்று மீன்களின் கதையைச் சொல்கிறார். மீனவர்கள் குளத்து நீரை வடிக்கத் தொடங்கியதும், வருமுன் காக்கும் மீன் உடனே வேறிடம் சென்றுவிடுகிறது. சமயோசித புத்தியுள்ள இரண்டாவது மீன் வலைவரை வந்தாலும் உபாயத்தால் தப்பிவிடுகிறது. அவசரம் வேண்டாம் என்றிருந்த மூன்றாவது மீன் மடிகிறது. அதன் பெயர் தீர்க்கசூத்ரன். வாழ்நாள் என்ற குளத்திலும் நீர் வடிந்துகொண்டுதான் இருக்கிறது. ஓசையின்றி வடிவதால் நமக்கு அது தெரிவதில்லை.

யாரைக் காப்பாற்றுகிறோம்?

எழுதப்படாத நாவலில் ஒரு பிழையும் கிடையாது. பாடப்படாத கீர்த்தனையில் சுருதி விலகுவதில்லை. மனத்தளவில் நிற்கும் படைப்பு எப்போதும் பரிபூரணமாகவே இருக்கும். அதைக் கற்பனை செய்தவனும் அதுவரை மேதையாகவே இருப்பான். அது தாளில் இறங்கிய கணமே அவனுடைய உண்மையான அளவு வெளிப்பட்டுவிடும். அந்த அளவைப் பிறர் காண்பார்கள். அதைவிட முக்கியமாக, அவனே காண நேரும். அந்தக் கணத்தைத் தள்ளிவைப்பதற்காகவே மனம் திருத்தம், தயாரிப்பு, ஆராய்ச்சி என்ற பெயர்களில் நூலை நீட்டிக்கொண்டு போகிறது.

'குறையே இருக்கக் கூடாது' என்ற பிடிவாதம் உயர்ந்த லட்சியம்போல் தோற்றமளிக்கிறது. சில சமயம் அது பணிவின் வேடத்தையும் அணிந்துகொள்கிறது. 'இவ்வளவு பெரிய பணிக்கு எனக்கு ஏது தகுதி?' என்று கேட்கிறது. ஆனால் சற்று நின்று ஆராய்ந்தால், அதன் பார்வை பணியின்மீது இல்லாமல் தன்மீதே இருப்பது விளங்கும். 'நான் எப்படித் தோன்றுவேன்?' என்பதே அதன் ஓயாத கேள்வி. பெருமையை நாடும் அகங்காரத்தை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். சிறுமைக்கு அஞ்சும் அகங்காரமோ பணிவு என்ற பெயரில் நம்மிடமே தங்கிவிடுகிறது.

நெருப்பும் புகையும்

கீதையின் அதே பதினெட்டாம் அத்தியாயம், 48-ஆம் சுலோகத்தில், இதற்கு ஆறுதலும் தெளிவும் தருகிறது. எந்தச் செயலைத் தொடங்கினாலும் அதனுடன் ஏதேனும் ஒரு குறை சேர்ந்தே வரும் என்று கூறி, நெருப்பைச் சூழ்ந்திருக்கும் புகையை உவமையாகக் காட்டுகிறது. விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. மூட்டும்போது புகை கண்ணைக் கரிக்கும். நெருப்பு நன்கு பற்றிக்கொள்ளும்போது புகை குறையும். புகையில்லாத நெருப்பு கிடைத்தபின் உலை வைக்கலாம் என்றிருப்பவர் வீட்டில் அன்று சமையல் நடக்காது.

சத்யஜித் ராய் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றியவர். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் 'பதேர் பாஞ்சாலி' திரைப்படத்தின் முதல் காட்சியை எடுக்கத் தொடங்கியபோது, அவருக்குத் திரைப்படம் இயக்கிய அனுபவம் கிடையாது. அவருடைய ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவும் அதற்குமுன் திரைப்படக் கேமராவை இயக்கியதில்லை. பணமும் இல்லை. வெண்ணிற நாணற்பூக்கள் நிறைந்த வெளியில் முதல் நாள் படமெடுத்துவிட்டு, அடுத்த வாரம் திரும்பிச் சென்றபோது, பூக்களைக் கால்நடைகள் மேய்ந்து தீர்த்திருந்தன. அக்காட்சியை முடிக்க மறுபடியும் பூக்கும் பருவம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயுள் காப்பீடும் மனைவியின் நகைகளும் பணமாக மாறின. இறுதியில் மேற்கு வங்க அரசின் உதவி கிடைத்து, 1955-ஆம் ஆண்டு படம் வெளிவந்தது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது.

இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. திரைப்படக் கலையை முழுவதும் கற்றபின் தொடங்கலாம் என்று ராய் இருந்திருந்தால், அதை அவர் எங்கே கற்றிருப்பார்? அவருக்கு அதைக் கற்பித்தது அந்தப் படமே. தகுதி வந்தபின் செயல் என்பது பாதி உண்மை. செயலால் தகுதி வருகிறது என்பது மறு பாதி.

ரவீந்திரநாத் தாகூரின் ஓவியக் கலையும் இவ்வாறே பிறந்தது. கையெழுத்துப் பிரதியில் தாம் அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைத்து, அவற்றை உருவங்களாக மாற்றுவது அவரது வழக்கமாயிருந்தது. அறுபது வயதைக் கடந்தபின் அது ஓவியமாக வளர்ந்தது. 1930-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. அடித்தல் திருத்தல்களைக் கண்டு வெட்கப்பட்டிருந்தால் அந்த ஓவியங்கள் தோன்றியிருக்க மாட்டா.

சிரத்தை வேறு, மோகம் வேறு

அப்படியானால் அரைகுறையாகச் செய்தால் போதுமா என்று கேட்கத் தோன்றும். போதாது. அலட்சியம் என்பது பணிக்குச் செய்யும் அவமதிப்பு. சிரத்தை இல்லாமல் எந்தக் கலையும் கைவராது. ஆனால் சிரத்தையும் பூரணத்துவ மோகமும் ஒன்றல்ல.

டாக்டர் உ.வே. சாமிநாதையரைவிடச் சிரத்தை மிகுந்த பதிப்பாசிரியரைக் காண்பது அரிது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர். ஒரு சொல்லின் வடிவத்தை உறுதி செய்யப் பல பிரதிகளை ஒப்பிட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே சீவக சிந்தாமணியை ஆராய்ந்து 1887-ஆம் ஆண்டு பதிப்பித்தார். அத்துடன் நிற்கவில்லை. பின்னர்க் கிடைத்த சுவடிகளையும் செய்திகளையும் கொண்டு திருத்தி, 1907-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். இடையில் இருபது ஆண்டுகள். இரண்டாம் பதிப்பின் நிறைவு வாய்த்தபின்தான் முதற்பதிப்பு என்று அவர் காத்திருந்தால், அந்த இருபது ஆண்டுகளும் தமிழ் மாணவர்கள் அச்சில் அப்பதிப்பைக் கண்டிருக்க மாட்டார்கள்.

சிரத்தை கிடைத்தவரையில் நன்றாகச் செய்து பிறர் கையில் ஒப்படைக்கிறது. பிழை கண்டால் மறுபடியும் திருத்துகிறது. மோகம் ஒப்படைக்கவே மறுக்கிறது. இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய வழி.

முழுநேரம் என்னும் கேள்வி

படைப்புப் பணிக்காக வேலையை விட்டுவிடலாமா என்று இளைஞர் பலர் கேட்கிறார்கள். இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆர்.கே. நாராயண் ஆசிரியர் பணியில் சேர்ந்து மிகச் சில நாட்களிலேயே அதை விட்டுவிட்டு, எழுத்தே தொழில் என்று முடிவு செய்தார். பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொல்ல, 1930-ஆம் ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி எழுதத் தொடங்கினார். பதிப்பாளர் பலர் மறுத்தபின், 1935-ஆம் ஆண்டு 'சுவாமியும் நண்பர்களும்' லண்டனில் வெளிவந்தது. ஆனால் மைசூரில் அவரைத் தாங்கிய கூட்டுக் குடும்பம் இருந்தது. வருமானத்திற்காக அவர் செய்தியாளர் வேலையும் பார்த்தார். ராயோ, வேலையில் இருந்தபடியே படத்தைத் தொடங்கி, அதன் வெற்றிக்குப் பின்னரே முழுநேரத் திரைப்படக் கலைஞரானார்.

இல்லறத்தாருக்குத் தம்மை நம்பியிருப்போரைக் காக்கும் கடமை இருக்கிறது. கலையின் பெயரால் அதை உதறுவது தர்மமாகாது. அதே சமயம், கடமையைக் காரணம் காட்டித் தன் அச்சத்தை மறைப்பதும் நேர்மையாகாது. எது கடமை, எது சாக்கு என்பதை அறிய ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளத் தக்க கேள்வி ஒன்றுதான்: இன்று எனக்கு வாய்த்திருக்கும் ஒரு மணி நேரத்தை நான் என்ன செய்கிறேன்? அந்த ஒரு மணி நேரத்தில் பணி நகருமானால், எட்டு மணி நேரம் கிடைக்கும்போதும் நகரும். நகராவிட்டால், வேலையை விடுவதால் நீளப்போவது நேரமன்று, நூல்தான்.

இதற்கான பயிற்சி கடினமானதன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில், குறைந்த அளவேனும் அமர்ந்து பணி செய்ய வேண்டும். எழுதும் நேரத்தில் திருத்தக் கூடாது. திருத்துவதற்கு வேறு நேரம் ஒதுக்க வேண்டும். முடிக்கும் நாளை நாமே நிர்ணயித்து, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். முடிந்தவுடன், குறைகளோடு கூடிய அப்பணியை மனத்தால் அர்ப்பணித்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். நைவேத்தியத்திற்கு இலையில் படைப்பவர், உப்பு சற்றுக் குறைந்திருக்குமோ என்று அஞ்சிப் பூஜையை மறுநாளைக்கு ஒத்திவைப்பதில்லை அல்லவா?

"அப்புறம்?"

மாதுங்காப் பெரியவர் பிற்பாடு தம் நாவலை எழுதி முடித்தார். நாளுக்கு இரண்டு பக்கம், பின்னால் புரட்டிப் பார்ப்பதில்லை என்ற நியமத்துடன் பதினான்கு மாதங்களில் அது முடிந்தது. எது அவரை மாற்றியது என்று ஒருநாள் கேட்டேன்.

அந்தக் கதை அவருடைய தாயார் அவருக்குச் சொன்னது. தாயாருக்குக் கண்பார்வை மங்கியிருந்ததால், ஏழாவது நோட்டுப் புத்தகத்திலிருந்த அத்தியாயத்தை அவர் உரக்கப் படித்துக் காட்டினாராம். அந்த அம்மையார் முழுவதையும் கேட்டுவிட்டு, நடையைப் பற்றியோ சொல்லைப் பற்றியோ ஒன்றும் கூறவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாராம்.

"அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதமே அம்மா போய்விட்டாள்" என்றார் பெரியவர். "ஏழு முறை நான் அழகு பார்த்தது எனக்காகத்தான். அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டாம் அத்தியாயம்."

நாவலில் குறைகள் உள்ளன. இரண்டாம் அத்தியாயம் முதலாவதைப்போல் அமையவில்லை என்று அவரே சொல்கிறார். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத் தம் கொள்ளுப்பாட்டியை அறிந்துகொண்டார்கள்.

நமக்குக் கிடைத்துள்ள திறமை நமக்காக மட்டும் கிடைத்ததன்று. அது ஒப்படைக்கப்பட்ட பொருள். உரியவர் எங்கோ அதற்காகக் காத்திருக்கிறார். அவருக்கு எவ்வளவு காலம் மீதமிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. நம் மேசைமீதும் ஏதேனும் ஒரு முதல் அத்தியாயம் கிடக்குமானால், அதை எட்டாவது முறை எழுதாமல், இன்றே அடுத்த பக்கத்தைத் திருப்புவோமாக.