நேர்த்திக்கடன் யாருக்கு?

உங்கள் அப்பாவுக்குக் கல்லீரலில் தோன்றிய புற்று நுரையீரலுக்கும் பரவிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்துகளை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நுரையீரல் கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. "குலசாமி காப்பாத்திருச்சு" என்கிறது வீடு. மொட்டைக்கு நாள் குறிக்கிறார்கள்.

அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றி போய்ச் சேரும் இடம்தான் தவறு.

2020-இல் வெளியான ஐஎம்பிரேவ்150 ஆய்வில் 501 நோயாளிகள் சேர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குப் புற்று கல்லீரலைத் தாண்டியிருந்தது. குலுக்கல் முறையில் 336 பேருக்கு இந்தப் புதிய கூட்டு மருந்து. 165 பேருக்குப் பழைய சோராஃபெனிப். எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். ஓராண்டில் புதிய மருந்துக்காரர்களில் நூற்றுக்கு 67 பேர் உயிரோடிருந்தார்கள். பழைய மருந்தில் 55 பேர். இந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் இன்று உங்கள் அப்பாவுக்கு எதைக் கொடுப்பது என்று டாக்டருக்குத் தெரிகிறது. அந்த 165 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். புதிய மருந்திலும் கட்டி நன்றாகச் சுருங்கியது பத்தில் மூன்று பேருக்குத்தான். மற்ற ஏழு பேர் வேண்டிக்கொள்ளவில்லையா? அவர்கள் பிள்ளைகள் அழவில்லையா? காப்பாற்றியது சாமி என்றால் அவர்களைக் கைவிட்டது யார்? வார்டில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் மனைவிக்கும் அது கேட்கிறது. அவள் செய்த பாவம் என்ன என்று அன்று இரவெல்லாம் அவள் தேடுவாள். இந்தக் கொடுமையைத் தெரியாமல் செய்கிறோம். தெரிந்த பிறகும் செய்யலாமா?

நன்றி சொல்வதோடு நிற்காமல், இந்த நோய் அடுத்தவருக்கு வராமல் தடுக்கவும் பார்க்கலாம். கல்லீரல் புற்றுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று ஹெபடைடிஸ் பி வைரஸ். பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். பல பத்தாண்டு சத்தமில்லாமல் இருக்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியைப் போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நம் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். தைவான் 1984-இல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைத் தொடங்கியது. பத்தாண்டில் அங்கே சிறுவர்களின் கல்லீரல் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அப்பாவுக்கு அந்த வைரஸால்தான் நோய் வந்ததென்றால், அதே தாய் வயிற்றில் பிறந்த சித்தப்பாவுக்கும் அத்தைக்கும், உங்களுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். மொட்டைக்கு எல்லோரும் ஒரே வேனில்தானே கிளம்புகிறீர்கள்? போகிற வழியில் ஆஸ்பத்திரியில் நிறுத்தி, ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள்.