அந்தரத்தில் நிற்கும் கல்

விளையாட்டுச் சாமான் சின்ன விஷயம்தான். ஆனால் எந்தப் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பது நீதி சம்பந்தப்பட்ட கேள்வி என்று நினைக்கிறேன். தமிழ் படித்தவளுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்கலாம். சொற்கள்தான் என் பாடம். ‘வேலை’, ‘ஆற்றல்’ என்ற இரண்டு சொற்களைப் பாடநூல் ஒரு விதமாகவும் வீடு வேறு விதமாகவும் பயன்படுத்துவதைக் கவனித்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது.

பம்பரத்தை எடுத்துக்கொள்வோம். கயிற்றைச் சுற்றி வீசி இழுக்கிறான் ஒரு பையன். கையின் இயக்கம் கயிற்றின் வழியே சுழற்சியாக மாறுகிறது. ஆணியின் உராய்வும் காற்றின் தடையும் அந்த ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக்கிவிட, பம்பரம் தள்ளாடிச் சாய்கிறது. கயிறு நீளமானால் என்ன ஆகும், ஆணி மழுங்கினால் என்ன ஆகும் என்று அவன் நாள் முழுக்கச் சோதிக்கிறான். அவன் தங்கைக்குச் சொப்புச் சாமான். அந்த அடுப்பில் தீ இல்லை, சட்டியில் நீர் கொதிப்பதில்லை. அதில் எதுவும் மாறுவதில்லை, விளையாடுகிறவள்தான் மாறுகிறாள்.

அவளுக்கும் ஒரு பம்பரம் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா? அது பாதிப் பதில். பெண்கள் ஆடிய ஆட்டங்களில் இயக்கவியலே இல்லை என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. தட்டாங்கல்லைப் பாருங்கள். சங்கப் பாடல்கள் சொல்லும் கழங்காட்டத்தின் சாயலுள்ள ஆட்டம். ஒரு கல்லை எறிந்து, அது திரும்புவதற்குள் தரையில் கிடப்பவற்றை வாரி, விழும் கல்லையும் பிடிக்க வேண்டும். அரை மீட்டர் உயரம் எறிந்தால் கல் காற்றில் இருப்பது சுமார் 0.64 நொடி. இருமடங்கு நேரம் வேண்டுமென்றால் இருமடங்கு வேகத்தில் எறிய வேண்டும். அப்போது கல் நான்கு மடங்கு, அதாவது 2 மீட்டர் உயரம் போகும். அவ்வளவு உயரம் போன கல் நினைத்த இடத்தில் விழாது. ஆகவே அவள் உயரத்தைக் கூட்டாமல் வாரும் கையின் வேகத்தைக் கூட்டுகிறாள். இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாகி, உச்சியில் ஒரு கணம் நின்று, மறுபடி இயக்க ஆற்றலாகும் கணக்கு அவள் விரல்களில் இருக்கிறது. நான் பார்த்த பாடநூல்களில் அந்தக் கணக்குக்குப் பந்து எறிபவன் பையன்தான்.

அந்த ‘நான்கு மடங்கு’க்கு ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் கிராவசாண்டே மென்மையான களிமண்ணில் பித்தளைக் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். குண்டு ஏற்படுத்தும் பள்ளம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்ந்தது. நகரும் பொருளின் ஆற்றலையும் அப்படித்தான் அளக்க வேண்டும் என்று 1740இல் வெளியான தன் இயற்பியல் நூலில் வாதிட்டவர் எமிலி து ஷாட்லே என்ற பிரெஞ்சுப் பெண். நியூட்டனின் பிரின்சிபியாவையும் அவர் மொழிபெயர்த்தார். கர்ப்பமாக இருந்தபோது அதை முடிக்க இரவு பகலாக உழைத்தார். 1749இல், பிரசவமான சில நாட்களில், 42 வயதில் இறந்தார். மொழிபெயர்ப்பு 1759இல்தான் முழுமையாக வெளிவந்தது. உலகம் அவரை நெடுங்காலம் வால்டேரின் காதலியாகவே நினைவில் வைத்திருந்தது.

பொம்மைக்குக் காசு வேண்டுமே என்பார்கள். ஐஐடி கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனபோது தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும்தான் அவருடைய கருவிகள். ஒரு பழைய டப்பா, உள்ளே ரப்பர் பேண்ட், அதன் நடுவில் தொங்கும் ஒரு நட்டு. உருட்டினால் ரப்பர் முறுக்கேறி ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. நின்றதும் முறுக்கு அவிழ, டப்பா உருட்டியவரிடமே திரும்பி வருகிறது. செலவு அநேகமாக இல்லை. பெண் பிள்ளைக்கு இல்லாமல் போவது, அதைக் கழற்றி மாட்டிப் பார்க்க ஒரு மத்தியானம். அந்த மத்தியானத்தில் அவள் இடுப்பில் தம்பி இருக்கிறான்.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பவள் குடத்தின்மீது செய்யும் வேலை சுழி என்கிறது இயற்பியல், இடப்பெயர்ச்சி இல்லாததால். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “வீட்லயும் அதேதாம்மா சொல்றாங்க” என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இயற்பியல் அத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. நிற்கும்போதும் அவள் தசைகள் உணவின் ஆற்றலைச் செலவழித்து வெப்பமாக்கிக்கொண்டிருக்கின்றன என்றும் சொல்கிறது. அவள் களைப்பு பொய்யில்லை. ஆற்றல் அழிவதில்லை, எங்கே போனது என்று கணக்குக் காட்டியாக வேண்டும். இந்த நேர்மையை நாம் குடும்பத்திடமும் கேட்கலாம். பாட்டியின், அம்மாவின், அக்காவின் ஆற்றல் எங்கே போனது? யாருடைய படிப்பாக, யாருடைய ஓய்வாக மாறியது?

ஊஞ்சலில் நின்று ஆடும் சிறுமி, உச்சியில் குனிந்தும் கீழே வரும்போது நிமிர்ந்தும் தன் உடலாலேயே ஊஞ்சலுக்கு வேகம் ஏற்றுகிறாள். யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. அவள் வயசுக்கு வந்ததும் “போதும், இறங்கு” என்கிறோம். உடல் கற்றதை மூளை கேள்வியாக்கத் தொடங்கும் வயதில் அந்த உடலைக் கட்டிப்போடுகிறோம். கைக்குத் தெரிந்தது பெயர் இல்லாமலே நின்றுபோகிறது. பெயர் இல்லாததை யாரும் அறிவு என்று மதிப்பதில்லை.

ஆசிரியராகப் போகும் மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பம்பரத்தோடு ஐந்து கற்களையும் மேசையில் வையுங்கள். அவளை எறியச் சொல்லுங்கள், நேரத்தை அளக்கச் சொல்லுங்கள், அவள் செய்ததற்கு என்ன பெயர் என்று சொல்லுங்கள். அன்று மாலை அவள் கணக்குப் போடும்போது தம்பியை யார் தூக்கிக்கொள்வது என்பதையும் வகுப்பில் பேசுங்கள். அதுவும் பாடம்தான்.