அழகைக் கழற்றி வைத்தவர்

நவீன ஓவியம் எதையாவது கைபேசியில் காட்டினால் எங்கள் பக்கத்து மனிதர்களிடமிருந்து ஒரு கேள்வியும் ஒரு தீர்ப்பும் வரும். “இன்னாப்பா இது?” என்பது கேள்வி. நாம் வாயைத் திறப்பதற்குள் “பேய் மாதிரி கீது” என்று தீர்ப்பு. சொல்பவர் திருவாலங்காட்டுக்காரர் என்பதுதான் வேடிக்கை. ஒரு பேயைத் தாயென்று கும்பிடும் ஊர் இது.

காரைக்கால் வணிகர் குடும்பத்தில் பிறந்த புனிதவதியாரின் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. மாம்பழ அதிசயத்தைச் சொல்லும் அளவுக்கு அதற்குப் பின் நடந்ததை நாம் சொல்வதில்லை. கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வமென்று காலில் விழுந்தபோது, அவனுக்கென்று சுமந்த உடலழகு இனி வேண்டாம் என்று கேட்டுப் பேய் வடிவம் பெற்றார் என்கிறது பெரியபுராணம். கயிலைக்குத் தலையால் நடந்து போனார். சிவபெருமான் அவரை ‘அம்மையே’ என்று அழைத்து, தன் ஆட்டத்தைப் பார்க்கத் திருவாலங்காட்டுக்கு அனுப்பினார். சுமார் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தக் கவிஞர் இங்கே வந்து பாடியது சோலையையோ கோபுரத்தையோ அல்ல, சுடுகாட்டை. எரியும் பிணம், நரி, கூகை, கள்ளிச் செடி, எலும்பு துருத்திய பெண்பேய்கள், இவற்றுக்கு நடுவே ஆடும் கடவுள். பாடலில் தன் பெயரையும் காரைக்கால் பேய் என்றே பொறித்துவிட்டுப் போனார்.

இந்த ஊருக்கென அவர் பாடிய பதிகங்களுக்கு ‘மூத்த’ என்ற அடைமொழி தேவாரத்துக்கு முந்தியவை என்பதால் வந்தது. அந்தாதியையும் பதிகத்தையும் பக்திக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் முதலில் நிற்பவர் அவர். அதாவது அவர் காலத்தில் அவர்தான் தற்காலக் கலை. யாரும் பாடாத வடிவில், யாரும் பாட விரும்பாத பொருளைப் பாடினார். அப்போது அதைக் கேட்டவர்களில் ஒருவராவது “இன்னா இது?” என்று கேட்காமலா இருந்திருப்பார்?

பின்னால் வந்த சம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி ஊருக்குள் நுழையாமலே வெளியே தங்கினார் என்றும் சேக்கிழார் சொல்கிறார். முன்னால் நடந்த கவிஞருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நமக்குப் புராதனமாகத் தெரியும் பலவும் இப்படித்தான் ஒரு காலத்தில் புதிதாக இருந்து பழகியவை. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கி, தெற்குச் சுவரின் மாடத்தில் ஆடவல்லானை நிறுத்திவந்தபோது அந்த ஏற்பாடும் புதிதுதான்.

எங்கள் ஊர் நடராசர் செப்புத் திருமேனி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் நாங்கள் மின்சார ரயில் பிடிக்க வேண்டும். (கோயில் இரத்தின சபையில் தூக்கிய காலோடு நிற்பவர் வேறு; அது காளியோடு போட்டியிட்ட ஊர்த்துவ தாண்டவம்.) திருவாசி இல்லாத அந்தச் செப்புச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913 வாக்கில் சிவ நடனத்தைப் பற்றி எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கட்டுரை அச்சேறியது அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1921இல். இதை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரர் பாராட்டினால்தான் நமக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்த ரோடினுக்கு நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். எழுத்தாளர் பால்சாக்கின் சிலையை அவர் 1898இல் காட்சிக்கு வைத்தபோது, செய்யச் சொன்ன சங்கமே அதை வாங்க மறுத்தது. ஊரே சிரித்தது. அந்தச் சிலை பாரிஸ் வீதியில் நின்றது 1939இல். நம் நடராசரைப் புரிந்துகொண்ட கண்ணும், தன் ஊரில் ‘இது என்ன கண்றாவி’ என்று ஏச்சு வாங்கிய கையும் ஒருவருடையவைதாம்.

அழகில்லாததெல்லாம் கலை என்று நான் சொல்லவில்லை. துருப்பிடித்த தகரத்தை வளைத்து வைத்து, பக்கத்தில் யாருக்கும் விளங்காத ஒரு குறிப்பை ஒட்டி, விளங்காததே அதன் பெருமை என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அம்மையாரே அளவுகோல். சுடுகாட்டைப் பாடும் அதே பதிகத்தில் அவர் துத்தம், விளரி என்று சுரங்களின் பெயரைச் சொல்கிறார், குடமுழாவும் மத்தளமும் தக்கையும் முழங்க வைக்கிறார். பிணத்தைப் பார்க்கும்போதும் சுருதி தப்பவில்லை. பின்னாளில் அவரை வார்த்த சோழநாட்டு ஸ்தபதிகளும் அப்படியே. அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அம்மையாரைப் படத்தில் பாருங்கள். வற்றிய மார்பு, எண்ணிவிடக்கூடிய எலும்பு, கையில் தாளம், முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். பார்வதிக்குச் செலவிட்ட கவனத்தில் ஒரு குன்றிமணி குறையவில்லை. அவரைப் பார்த்து முகம் சுளிக்கவும் முடியாது, பரிதாபப்படவும் முடியாது.

தற்காலக் கலையால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது, நம்மையும் உட்காரச் சொல்கிறது. 2017இல் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை நினைத்துக்கொள்கிறேன். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதன் பிறகும் மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் வீட்டு வாசலில் அந்தப் படம் நின்றது. பல ஊர்களில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை. அதன் ஒளிப்பதிவாளர் பழனிகுமார் அதற்குப் பிறகும் அந்தக் குடும்பங்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிணத்தைச் சுற்றி அழும் பெண்கள், அப்பாவின் படத்தோடு நிற்கும் பிள்ளைகள். அவற்றைப் பார்க்கும்போது ‘அழகாக இருக்கிறதா’ என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. அம்மையார் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இந்தக் கேமராவும் உட்கார்ந்திருக்கிறது.

2020இல் கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரையப்பட்டன. ஆற்றங்கரை, கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றிக் கொண்டுபோய் விடப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. பேர் கெட்ட பேட்டை என்று ஒதுக்கியவர்கள் படம் பிடித்துக்கொள்ள வந்தார்கள். அது சின்ன விஷயமல்ல. ஆனாலும் சுவரில் சிரித்த முகங்களே அதிகம். அம்மையார் அங்கே போயிருந்தால் சாக்கடையை வரைந்திருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஓவியர்கள் பக்கம் குறையே இல்லையா? உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். கைவினைப் பொருள் செய்து விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டு, பிடித்ததை வரைந்தார்கள். அந்த வைராக்கியத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் சென்னைக் கலை உலகம் கடற்கரைச் சாலையையும் குளிர்சாதன அறைகளையும் தாண்டி அரக்கோணம் ரயிலில் ஏறியதே இல்லை. அம்மையாரின் பேய் வடிவம் எங்களுக்குப் பழகியது யாரோ விளக்கம் சொன்னதால் அல்ல. பாட்டியின் இடுப்பிலிருந்தே பார்த்தோம், பயந்தோம், பிறகு பயம் போயிற்று. நடராசர் காலடியில் உட்கார்ந்து தாளம் தட்டும் அந்த எலும்புக்கூட்டை ஒரு தடவை மட்டும், காவலாளி நிற்கும் கூடத்தில் பார்த்திருந்தால் நாங்களும் “பேய் மாதிரி கீது” என்றுதான் திரும்பியிருப்போம். புதிய கலையைப் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும், திரும்பத் திரும்ப அந்தப் பக்கம் போகிற வேலையும் வேண்டும்.

பங்குனி சுவாதி அம்மையாரின் குருபூசை. அந்த நாளில் பழனிகுமாரின் படங்களைப் போல நாலு படங்களை எங்கள் ஊரில் மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்யாண மண்டபம் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் கேட்கலாம், அதுவும் இல்லையென்றால் ரயில் நிலையச் சுவர் இருக்கிறது. காலை வண்டிக்குக் காத்திருப்பவர்கள் தினமும் அங்கேதான் நிற்கிறார்கள். ரயில்வேக்கு மனு எழுத வேண்டும்.