இரண்டையும் எடு!

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார்: “இன்னும் அப்ரண்டிஸ்தானா?” தம்பி, தங்கச்சி, நிமிர்ந்து சொல்: “ஆமாம். வேலையும் பார்க்கிறேன், படிக்கவும் செய்கிறேன்!”

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார் உன் அம்மா. அந்தக் கூலியில் வீடு ஓட வேண்டும். நீயும் படிக்க வேண்டும். படிப்பா, சம்பாத்தியமா என்று தவிக்காதே. இரண்டையும் எடு!

பண்ணைப்புரத்திலிருந்து 1968-இல் சென்னைக்குப் போனவர் அதைத்தான் செய்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் இசை படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் படம் படமாக உழைத்தார். இசையமைப்பாளராக அவருடைய முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். இடையில் எட்டு வருஷம்! இளையராஜாவைக் கொண்டாடும் நம் ஊர், அந்த எட்டு வருஷத்தைப் பேசுவதே இல்லை. நீ அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிட்டர் பயிற்சியா? முதலில் கையில் அரத்தைக் கொடுப்பார்கள். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, ராவு என்பார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்று தெரியும். மறுபடி ராவு. உள்ளங்கை கொப்பளிக்கும். ராவு! அந்தக் கீற்று மறைகிற நாளில், வகுப்பில் சொன்ன அளவுக்கணக்கு உன் விரலுக்கே புரிந்திருக்கும்.

இரண்டும் ஒன்றாக நடக்குமா என்கிறாயா? லோயர் கேம்ப் மின்நிலையத்தைப் பார். அங்கே டர்பைனைச் சுற்றிய பெரியாற்றுத் தண்ணீர்தானே கீழே வந்து கம்பம் வயலில் நெல்லையும் விளைவிக்கிறது!

பயிற்சிக் காலத்தில் தரும் உதவித்தொகையை வாங்கக் கூச்சப்படாதே. அது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் தரும் உரிமை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019 விதித் திருத்தமே படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகையாக வைத்தது. இரண்டாம் வருஷம் பத்து சதவீதம் கூடும்.

தேனி மில்லோ, மதுரைப் பணிமனையோ, ஓசூர் ஆலையோ, சேரும் நாளிலேயே கேள்: “சார், ஒப்பந்தம் எப்போது பதிவாகும்? தியரி வகுப்பு என்றைக்கு?” பதில் சொல்லாமல் டீ வாங்கிவரச் சொல்கிற இடமா? வெளியே வா, அடுத்த கதவைத் தட்டு. நல்ல இடமா? கடைசி நாள் வரை நின்று, தேர்வெழுதி, தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டுதான் ஊருக்கு பஸ் ஏற வேண்டும்!